இரும்பு மாடு வந்த கதை

மட்டாஞ்சேரி கடைவீதியில் அரிசி மண்டிகள் இருக்கின்றன. லாரிகள் வருகின்றன. மூட்டைகள் இறங்குகின்றன. ஆந்திர அரிசி, தமிழ்நாட்டு அரிசி, பாலக்காட்டு அரிசி என்று பல வகை. கொச்சியில் உலை வைக்கும் வீடுகளுக்கு அரிசி இப்படித்தான் வந்து சேருகிறது.

இந்த அரிசி விளைந்த வயலை உழுதது யார்?

உங்கள் பாட்டனாரிடம் கேட்டிருந்தால், "இரண்டு மாடு, ஒரு ஏர், ஒரு ஆள்" என்று சொல்லியிருப்பார். இன்று பெரும்பாலான வயல்களை டிராக்டர் உழுகிறது. சில வயல்களைப் பவர் டில்லர் உழுகிறது. எண்ணெய் குடித்து வேலை செய்யும் இந்த இரும்பு மாடு எங்கிருந்து வந்தது? யார் வீட்டுக்கு முதலில் வந்தது? அதனால் யாருக்கு லாபம்? யாருக்கு நட்டம்? இவற்றை இந்தப் பாடத்தில் தெரிந்துகொள்ளுங்கள்.

புகை விட்ட பெரிய வண்டி

சுமார் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நீராவி வண்டிகள் வயலுக்கு வந்தன. ரயில் எஞ்சின் போல அவற்றிலும் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். நிலக்கரியோ விறகோ எரிக்க வேண்டும். வண்டியின் எடை பல டன். ஈர மண்ணில் இறங்கினால் புதைந்துவிடும். விலையோ மிக அதிகம். பெரிய பண்ணைக்காரர்கள் மட்டுமே வாங்கினார்கள்.

1892ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜான் ஃபிரோலிச் என்பவர் பெட்ரோலில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்தார். அது முன்னும் போனது, பின்னும் போனது. இதுதான் டிராக்டரின் தொடக்கம். டிராக்டர் என்றால் இழுப்பது என்று பொருள்.

அதன் பிறகு பல கம்பெனிகள் டிராக்டர் செய்தன. ஆனால் ஒவ்வொரு வண்டியையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தன. ஆண்டுக்குச் சில வண்டிகளே வெளியே வந்தன. அதனால் விலை குறையவில்லை. சிறு உழவர் குதிரையை நம்பியே இருந்தார். நம் ஊரில் மாடு போல, அங்கே குதிரைதான் ஏர் இழுத்தது.

குதிரைக்குத் தீனி வேண்டும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் தீனி வேண்டும். அதற்காகவே ஏராளமான நிலத்தில் ஓட்ஸும் புல்லும் பயிரிட்டார்கள். மனிதர் உண்ணும் தானியம் விளைய வேண்டிய நிலம் குதிரைக்குப் போனது.

உழவர் வீட்டுப் பிள்ளை

ஹென்றி ஃபோர்டு 1863ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். தந்தை உழவர். பிழைப்புக்காக அயர்லாந்து நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர். சிறுவன் ஹென்றிக்கு வயல் வேலை பிடிக்கவில்லை. உடலை முறிக்கும் அந்த உழைப்பை இயந்திரத்தின் மீது ஏற்ற வேண்டும் என்று நினைத்தார்.

அவர் முதலில் செய்தது கார். 1908ஆம் ஆண்டில் 'மாடல் டி' என்ற காரை விற்கத் தொடங்கினார். 1913ஆம் ஆண்டில் அவருடைய தொழிற்சாலையில் ஒரு புதிய முறை வந்தது.

வீடு கட்டும் இடத்தில் செங்கல் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவரும் செங்கல்லைச் சுமந்துகொண்டு மாடிக்கு ஏறி இறங்கினால் நேரம் அதிகம் ஆகும். எல்லோரும் வரிசையாக நின்று, கை மாற்றி அனுப்பினால் வேலை சீக்கிரம் முடியும். ஆள் நகர வேண்டாம். செங்கல் நகரும்.

ஃபோர்டு தொழிற்சாலையிலும் அப்படித்தான். தொழிலாளி தன் இடத்திலேயே நிற்பார். வண்டி அவர் முன்னால் நகர்ந்து வரும். ஒருவர் சக்கரத்தை மாட்டுவார். அடுத்தவர் திருகை முடுக்குவார். இப்படி ஒரு காரின் அடிப்பகுதியைக் கூட்டிச் சேர்க்க முன்பு பன்னிரண்டரை மணி நேரம் ஆனது. புதிய முறையில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் ஆனது.

இதில் ஒரு துன்பமும் இருந்தது. நாள் முழுவதும் ஒரே திருகை முடுக்க வேண்டும். தொழிலாளர்களுக்குச் சலிப்பு வந்தது. பலர் வேலையை விட்டுப் போனார்கள். அவர்களை நிறுத்தி வைக்க 1914ஆம் ஆண்டில் ஃபோர்டு ஒரு நாள் வருமானத்தை 5 டாலர் ஆக்கினார். அது முன்பு கிடைத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஒரே மாதிரிப் பொருளை ஏராளமாகச் செய்வதைப் பெருமளவு உற்பத்தி என்கிறோம். அப்படிச் செய்தால் ஒரு பொருளுக்கு ஆகும் செலவு குறைகிறது.

ஃபோர்ட்சன்

காருக்குச் செய்ததை டிராக்டருக்கும் செய்ய ஃபோர்டு விரும்பினார். மகனையும் சேர்த்து ஒரு கம்பெனி தொடங்கினார். டிராக்டருக்கு 'ஃபோர்ட்சன்' என்று பெயர் வந்தது. 'சன்' என்றால் மகன்.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் ஆண்கள் போருக்குப் போய்விட்டார்கள். குதிரைகளும் போருக்குப் போயின. வெளிநாட்டிலிருந்து உணவு ஏற்றி வந்த கப்பல்களை ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் மூழ்கடித்தன. நாட்டில் உணவுக்குப் பஞ்சம் வரும் என்ற பயம் வந்தது. புல்வெளிகளையும் உழுது பயிரிட வேண்டியிருந்தது. உழ ஆள் இல்லை.

இங்கிலாந்து அரசு ஆயிரக்கணக்கான ஃபோர்ட்சன் டிராக்டர்களைக் கேட்டது. 1917ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவை தொழிற்சாலையிலிருந்து வெளியே வரத் தொடங்கின. இங்கிலாந்து வயல்களில் பெண்களும் டிராக்டர் ஓட்டினார்கள்.

ஃபோர்ட்சன் சிறிய வண்டி. அதன் எடை சுமார் 1,200 கிலோ. சுமார் 20 குதிரைத் திறன் கொண்ட எஞ்சின். மண்ணெண்ணெயில் ஓடும். சக்கரங்கள் இரும்பு. முன்பு வந்த டிராக்டர்களில் இரும்புச் சட்டம் ஒன்றைச் செய்து, அதன் மேல் எஞ்சினை வைப்பார்கள். ஃபோர்ட்சனில் சட்டமே இல்லை. எஞ்சின் பெட்டியையும் கியர் பெட்டியையும் பின் அச்சையும் ஒன்றோடு ஒன்று இணைத்தார்கள். அவையே வண்டியைத் தாங்கின. இரும்பு மிச்சம். வேலை மிச்சம். செலவு மிச்சம்.

1922ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபோர்டு இதன் விலையை 625 டாலரிலிருந்து 395 டாலராகக் குறைத்தார். 1923ஆம் ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் செய்தார். போட்டிக் கம்பெனிகளும் விலையைக் குறைத்தன. சில கம்பெனிகள் மூடப்பட்டன. ரஷ்யாவும் இருபதாயிரத்துக்கு மேல் ஃபோர்ட்சன் வண்டிகளை வாங்கியது.

உலகில் முதன்முதலாகச் சாதாரண உழவர் கூட டிராக்டர் வாங்க முடிந்தது இப்படித்தான்.

கவிழ்ந்த வண்டி

ஆனால் ஃபோர்ட்சனில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது.

அந்தக் காலத்தில் கலப்பையை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். மாட்டுக்குப் பின்னால் கட்டுவது போலத்தான். உழும்போது கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொள்ளும். மாடாக இருந்தால் நின்றுவிடும். இயந்திரத்துக்கு அந்த அறிவு இல்லை. எஞ்சின் தொடர்ந்து இழுக்கும். பின் சக்கரம் நகர முடியாது. அப்போது வண்டியின் முன்பக்கம் மேலே தூக்கும். கண் மூடித் திறப்பதற்குள் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டியவர் மேல் விழும்.

இப்படிப் பல உழவர்கள் உயிர் இழந்தார்கள். பத்திரிகைகள் கண்டித்து எழுதின. பிறகு சக்கரத்தின் மேல் உள்ள மட்கார்டைப் பின்பக்கமாக நீட்டி வைத்தார்கள். வண்டி தூக்கினால் அது தரையில் முட்டித் தடுக்கும். விலை குறைந்தால் மட்டும் போதாது, உயிருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதை இது காட்டியது.

இன்னொரு குறையும் இருந்தது. ஃபோர்ட்சன் உழவுக்கு ஏற்றது. ஆனால் பயிர் வளர்ந்த பிறகு வரிசைக்கு நடுவே போக முடியாது. 1924ஆம் ஆண்டில் வேறொரு கம்பெனி 'ஃபார்மால்' என்ற டிராக்டரைக் கொண்டுவந்தது. அது உயரமானது. பயிரை மிதிக்காமல் வரிசைக்கு நடுவே போனது. உழவர்கள் அதை விரும்பினார்கள். 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபோர்ட்சன் செய்வது நின்றது. பிறகு அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் செய்தார்கள்.

மூன்று இணைப்பு

கவிழும் ஆபத்துக்கு நல்ல வழி கண்டவர் ஹாரி ஃபெர்குசன். இவரும் உழவர் வீட்டுப் பிள்ளை. அயர்லாந்தில் 1884ஆம் ஆண்டில் பிறந்தார். முதல் உலகப் போரின்போது ஊர் ஊராகப் போய் டிராக்டர்கள் வேலை செய்வதைப் பார்த்தார். குறைகளைக் கவனித்தார்.

கலப்பையைச் சங்கிலி போல இழுத்துக்கொண்டு போகக் கூடாது, அது வண்டியின் உறுப்பாகவே இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். கலப்பையை மூன்று இடங்களில் வண்டியோடு இணைத்தார். கீழே இரண்டு கை. மேலே ஒரு கை. எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கவும் இறக்கவும் வழி செய்தார்.

இதனால் இரண்டு நன்மைகள். கலப்பையை மண் பிடித்து இழுக்கும்போது, மேல் கை வண்டியின் முன்பக்கத்தைக் கீழே அழுத்துகிறது. அதனால் வண்டி எளிதில் தூக்காது. மேலும், எடை குறைந்த வண்டியே பெரிய வண்டியின் வேலையைச் செய்கிறது.

இன்று எந்த டிராக்டரின் பின்பக்கத்தைப் பார்த்தாலும் இந்த மூன்று கைகளைக் காணலாம்.

எழுதாத ஒப்பந்தம்

1938ஆம் ஆண்டில் ஃபெர்குசன் அமெரிக்காவுக்குப் போய் ஹென்றி ஃபோர்டைச் சந்தித்தார். தன் வண்டியை ஓட்டிக் காட்டினார். ஃபோர்டுக்குப் பிடித்துவிட்டது. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். ஃபோர்டு வண்டியைச் செய்வார். ஃபெர்குசன் விற்பார். காகிதம் இல்லை. கையெழுத்து இல்லை.

1939ஆம் ஆண்டில் புதிய டிராக்டர் வந்தது. நன்றாக விற்றது. சில ஆண்டுகளில் ஃபோர்டுக்கு வயதாகிவிட்டது. கம்பெனி அவருடைய பேரன் கைக்குப் போனது. பேரன் அந்த ஏற்பாட்டை முடித்துவிட்டார். ஆனால் மூன்று இணைப்பு உள்ள டிராக்டரைத் தொடர்ந்து செய்தார். ஃபெர்குசன் 1948ஆம் ஆண்டில் வழக்குப் போட்டார். 1952ஆம் ஆண்டில்தான் சமரசம் ஆனது. ஃபோர்டு கம்பெனி 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்தது.

இரண்டு பெரும் பணக்காரர்களால் வழக்கு நடத்த முடிந்தது. ஏழைக் குத்தகைக்காரரால் முடியுமா? நிலம், கடன், கூலி, வாடகை எதுவானாலும் எழுதி வாங்குங்கள். எழுதியதைப் படித்துப் பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஃபெர்குசன் சும்மா இருக்கவில்லை. 1946ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் தன் பெயரிலேயே சாம்பல் நிற டிராக்டர் ஒன்றைச் செய்ய வைத்தார். பத்து ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கு மேல் வெளிவந்தன. 1953ஆம் ஆண்டில் அவருடைய கம்பெனி கனடா நாட்டின் மாஸி ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்தது. பிறகு மாஸி ஃபெர்குசன் என்று பெயர் மாறியது. இந்தப் பெயரை நம் ஊர்ச் சாலைகளிலும் பார்த்திருப்பீர்கள். அது எப்படி இங்கே வந்தது?

இந்தியாவில் டிராக்டர்

1947ஆம் ஆண்டில் இந்தியா விடுதலை பெற்றபோது நாட்டில் உணவு போதவில்லை. ஆனால் மத்தியப் பிரதேசம் போன்ற இடங்களில் ஏராளமான நிலம் சும்மா கிடந்தது. அங்கே 'கான்ஸ்' என்ற புல் மண்டிக் கிடந்தது. அதன் வேர் ஆழமாகப் போகும். மாட்டு ஏரால் அதைப் பறிக்க முடியாது.

இரண்டாம் உலகப் போருக்கு வந்த அமெரிக்கப் படை சில பெரிய டிராக்டர்களை இந்தியாவில் விட்டுச் சென்றிருந்தது. அரசு அவற்றை வைத்து மத்திய டிராக்டர் அமைப்பைத் தொடங்கியது. புல் மண்டிய நிலத்தை ஆழமாக உழுதது. மேலும் டிராக்டர் வாங்க 1949ஆம் ஆண்டில் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது.

ஆனால் எல்லாம் வெளிநாட்டு வண்டிகள். ஒரு உறுப்பு உடைந்தால் கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற எண்ணம் வளர்ந்தது.

1959ஆம் ஆண்டில் டெல்லிக்கு அருகே உள்ள ஃபரீதாபாத்தில் ஐஷர் கம்பெனி முதல் டிராக்டரைச் செய்து வெளியிட்டது. அது ஜெர்மனி நாட்டு மாதிரி. 1960ஆம் ஆண்டில் சென்னையில் டாஃபே கம்பெனி தொடங்கியது. அது மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் சென்னை செம்பியத்தில் செய்தது. ஃபெர்குசன் வழி வந்த வண்டி தமிழ்நாட்டுக்கு வந்தது இப்படித்தான். 1963ஆம் ஆண்டில் மகிந்திரா கம்பெனி அமெரிக்கக் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்தது. அது 'ஃபார்மால்' செய்த அதே கம்பெனி.

1961-62ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் செய்த டிராக்டர்கள் 880 மட்டுமே. கேட்டவர்கள் பலர். கிடைத்தவர்கள் சிலர். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு.

துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தியப் பொறியாளர்கள் சொந்தமாக ஒரு டிராக்டரை வடிவமைத்தார்கள். அதற்கு 'ஸ்வராஜ்' என்று பெயர். பஞ்சாபில் தொழிற்சாலை அமைத்தார்கள். 1974ஆம் ஆண்டில் ஸ்வராஜ் விற்பனைக்கு வந்தது. வெளிநாட்டுக் கம்பெனியின் உதவி இல்லாமல் வந்த வண்டி அது.

1969ஆம் ஆண்டில் 14 வங்கிகள் அரசுடைமை ஆயின. அதன் பிறகு டிராக்டர் வாங்க வங்கிக் கடன் கிடைப்பது கூடியது. இன்று உலகிலேயே எண்ணிக்கையில் மிக அதிக டிராக்டர்கள் செய்யும் நாடு இந்தியா. 2022-23ஆம் ஆண்டில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் செய்தது.

கொச்சிக்குப் பக்கத்தில்

கேரளத்தில் வயல்கள் சிறியவை. சேறு அதிகம். பெரிய டிராக்டர் எல்லா வயலிலும் இறங்க முடியாது. ஜப்பானிலும் இதே நிலை. அதனால் அங்கே சிறிய உழவு இயந்திரத்தைச் செய்தார்கள். அதுதான் பவர் டில்லர். இரண்டு சக்கரம். நீண்ட கைப்பிடி. ஏருக்குப் பின்னால் போவது போல, இதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கலாம்.

கேரள அரசு 1973ஆம் ஆண்டில் காம்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. எறணாகுளம் மாவட்டத்தில், ஆலுவாவுக்கும் அங்கமாலிக்கும் நடுவே உள்ள அத்தாணியில் அதன் தொழிற்சாலை இருக்கிறது. ஜப்பானின் குபோட்டா கம்பெனியிடம் தொழில்நுட்பம் வாங்கிப் பவர் டில்லர் செய்தார்கள். மட்டாஞ்சேரியிலிருந்து ஒரே நாளில் போய் வரக்கூடிய தூரத்தில் இருந்து, இந்தியாவின் பல மாநிலங்களுக்குப் பவர் டில்லர் போகிறது.

பவர் டில்லரும் போக முடியாத வயல் உண்டா? உண்டு. கொச்சியைச் சுற்றி உள்ள பொக்காளி வயல்கள் அப்படிப்பட்டவை. கடமக்குடி, ஏழிக்கரை, செல்லானம் பகுதிகளில் இவை உள்ளன. மழைக்காலத்தில் உப்பு குறைந்ததும் நெல். நெல் முடிந்ததும் உப்பு நீரில் இறால். மண் மிகவும் குழைவானது. இயந்திரம் இறங்கினால் புதையும். அதனால் மண்ணைக் கையால் மேடு மேடாகக் கூட்டி விதைக்கிறார்கள். பெண்கள் தண்ணீரில் நின்று கதிர் அறுக்கிறார்கள். இந்த வேலைக்கு ஆள் குறைந்துவிட்டது. பொக்காளி வயல்களும் குறைந்து வருகின்றன.

யார் வேலை போனது?

இரும்பு மாடு வந்ததால் எல்லோரும் மகிழவில்லை. குட்டநாட்டில் டிராக்டர் வந்தபோது விவசாயத் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் அறியாமையால் எதிர்க்கவில்லை. பத்து ஆள் பல நாள் செய்யும் வேலையை வண்டி ஒரே நாளில் செய்துவிடும். அந்தப் பத்து ஆளின் அடுப்பு எப்படி எரியும்? இதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி.

காலம் மாறியது. பிள்ளைகள் படித்தார்கள். பலர் வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். வயல் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதானது. கேரளத்தில் 1974-75ஆம் ஆண்டில் சுமார் 8 லட்சத்து 80 ஆயிரம் ஹெக்டேர் நிலத்தில் நெல் விளைந்தது. இப்போது சுமார் 2 லட்சம் ஹெக்டேர்தான். பல வயல்கள் வீட்டு மனை ஆயின. பல வயல்களில் தென்னையும் ரப்பரும் வந்தன. இன்று குட்டநாட்டில் அறுவடை இயந்திரம் நேரத்தில் வராவிட்டால் நெல் மழையில் நனைந்து வீணாகும். முன்பு இயந்திரம் வேண்டாம் என்று சொன்ன இடத்தில், இன்று இயந்திரத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

இயந்திரம் தானாக நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. அது யார் கையில் இருக்கிறது என்பதே முக்கியம். ஒரே முதலாளி கையில் இருந்தால் அவர் சொன்னதே வாடகை. கூட்டாக வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் பயன். கேரளத்தில் பாடசேகர சமிதிகள் இருக்கின்றன. அடுத்தடுத்த வயல்காரர்கள் சேர்ந்து நடத்தும் குழு இது. குடும்பஸ்ரீ பெண்கள் கூட்டாக நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார்கள். பயிற்சி பெற்ற பெண்கள் சிலர் பவர் டில்லரும் நடவு இயந்திரமும் ஓட்டுகிறார்கள்.

சொந்தமா, வாடகையா? ஒரு கணக்கு

ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்துக்கு 8 மணி நேரம் உழவு. ஒரு மணிக்கு வாடகை 1,000 ரூபாய் என்று கொள்ளுங்கள்.

ஒரு பருவத்துக்கு: 8 × 1,000 = 8,000 ரூபாய்.
இரண்டு பருவத்துக்கு: 8,000 × 2 = 16,000 ரூபாய்.

அதே குடும்பம் கடனில் டிராக்டர் வாங்கினால், ஆண்டுத் தவணை 1,20,000 ரூபாய் என்று கொள்ளுங்கள். டீசல், பழுது, காப்பீடு தனி. பதினாறாயிரம் ரூபாய் வேலைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்ட வேண்டும். தவணை தவறினால் வட்டி ஏறும். வண்டியும் போகலாம், நிலமும் போகலாம்.

பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் என்ன ஆகும்? எல்லோரும் வெளியே கொடுத்த வாடகை: 16,000 × 15 = 2,40,000 ரூபாய். இதில் தவணை 1,20,000 போனால் மீதி 1,20,000 ரூபாய். அதிலிருந்து டீசலும் ஓட்டுநர் கூலியும் பழுதுச் செலவும் கொடுக்கலாம்.

இவை எடுத்துக்காட்டு எண்கள். விலை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

உயிர் காக்கும் விதிகள்

1. மட்கார்டிலும் கலப்பையிலும் ஆளை ஏற்றாதீர்கள். குழந்தைகளை ஒருபோதும் ஏற்றாதீர்கள்.
2. சுழலும் தண்டின் அருகே சேலை முந்தானை, துண்டு, லுங்கி, அவிழ்ந்த கூந்தல் போகக் கூடாது. தண்டுக்கு மூடி இருக்க வேண்டும்.
3. பாரத்தைக் கட்டி இழுக்கும்போது சங்கிலியைத் தாழ்வான கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். உயரத்தில் கட்டினால் வண்டி தூக்கும்.
4. சேற்றில் சிக்கினால் பின் சக்கரத்தில் மரக்கட்டை கட்டாதீர்கள். பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் வேறு வண்டியால் இழுங்கள்.
5. பவர் டில்லரைப் பின்னோக்கி எடுக்கும் முன் சுழலும் கத்தியை நிறுத்துங்கள்.
6. சாலையில் போகும்போது டிராக்டரின் இரண்டு பிரேக்குகளையும் இணைத்துப் பூட்டுங்கள்.

சொல்லும் பொருளும்

பெருமளவு உற்பத்தி – ஒரே மாதிரிப் பொருளை ஏராளமாகச் செய்தல்
குதிரைத் திறன் – எஞ்சினின் வலிமையைக் குறிக்கும் அளவு
ஒப்பந்தம் – இருவர் பேசி முடிவு செய்துகொள்வது
சமரசம் – வழக்கைப் பேசித் தீர்த்தல்
தவணை – கடனைப் பிரித்துக் கட்டும் தொகை

விடை எழுதுங்கள்

1. ஃபோர்ட்சன் டிராக்டர் எந்த ஆண்டில் வெளிவரத் தொடங்கியது?
2. 625 டாலர் விலை 395 டாலராகக் குறைந்தது. எத்தனை டாலர் குறைந்தது?
3. ஃபோர்ட்சன் கவிழ்ந்ததற்குக் காரணம் என்ன?
4. ஃபெர்குசன் கண்டுபிடித்த இணைப்பில் எத்தனை கைகள்?
5. காம்கோ தொழிற்சாலை எந்த ஊரில் இருக்கிறது?

கூடிப் பேசுங்கள்

உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். சுமை தூக்குதல், துணி வெளுத்தல், மீன் பிடித்தல், தையல் எதுவானாலும் சரி. அதில் புதிதாக வந்த இயந்திரம் எது? அதனால் யாருடைய உடல் நோவு குறைந்தது? யாருக்கு வேலை போனது? அந்த இயந்திரத்தை ஒருவர் வைத்திருக்கிறாரா, பலர் சேர்ந்து வைத்திருக்கிறார்களா? வகுப்பில் பேசுங்கள். பேசியதை ஐந்து வரிகளில் எழுதுங்கள்.